யார்கிட்ட சொல்றது, அக்கா?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது சிறுவர் புத்தக அரங்குகளில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். அங்கே படப் புத்தகங்களை நடுவிலிருந்துதான் புரட்டுவேன். அட்டை, ஓவியம், விலையெல்லாம் அப்புறம். கதையில் ஒரு குழந்தையோ யானைக்குட்டியோ அணிலோ ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அல்லவா, அது யாரிடமாவது போய் "எனக்கு பயமா இருக்கு, கூட வர்றியா?" என்று வாய்விட்டுக் கேட்கிற பக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இருந்தால் வாங்கிவிடுவேன். இல்லாவிட்டால், ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்தப் பக்கம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. நான் பார்த்தவற்றில் அதிகம் வருவது எல்லாவற்றையும் தனியாகவே சமாளித்துவிடும் தைரியசாலிக் குழந்தை. அதற்கடுத்து, ராத்திரி பயந்துபோன குழந்தை காலையில் எழுந்தால் பயம் தானாகவே காணாமல் போயிருக்கும் கதை. இன்னொரு வகையில் குழந்தை வாயே திறக்காது, ஆனால் சரியான நேரத்தில் ஒரு பாட்டியோ தேவதையோ வந்து நின்றுவிடுவார்கள். இவை மோசமான கதைகள் இல்லை, படிக்கச் சுகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட கதைகளை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை என்ன எடுத்துக்கொள்ளும்? நல்ல பிள்ளை என்றால் தாங்கிக்கொள்ள வேண்டும், அன்பாக இருப்பவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்றுதானே? அப்படி யாரும் வந்து நிற்கவில்லை என்றால், தன்மேல் யாருக்கும் அன்பில்லை என்று அந்தப் பிஞ்சு மனசு முடிவு கட்டிவிடாதா?

கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு பிளாக்கின் மொட்டை மாடி, வெயில் ஏறினால் படிக்கட்டுத் திருப்பம். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை கலந்து உட்கார்ந்திருப்பார்கள், இடுப்பில் தம்பியோடு வரும் அக்காக்களும் உண்டு. அடையாறு பக்கத்திலேயே ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இவர்களில் பெரும்பாலானவர்கள் பிறக்கவே இல்லை, ஆனாலும் தண்ணீர் எந்தப் படிவரைக்கும் ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும், வீட்டில் அத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நகரத்தின் பல இடங்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அந்தக் கதை அவர்களுக்கு நிஜமாகிவிட்டது. வானம் இருட்டினால் போதும், ஒரு பையன் கதையை விட்டுவிட்டு எழுந்து நின்று "தண்ணி வந்துருமாக்கா?" என்று கேட்பான். ஸ்கூல் பையை எடுத்துப் பரண்மேல் வைக்கக் கீழே ஓடுவான்.

அவனிடம் "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஏற்கெனவே ஆகியிருக்கிறது, அது அவனுக்கே தெரியும். தெரிந்த ஒன்றை இல்லை என்று சொல்கிற பெரியவரிடம் ஒரு குழந்தை அடுத்த முறை எதற்கு வரப்போகிறது?

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்களே ஒரு கதை வரைந்தோம். ஓர் எலி, அதன் வளைக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பையன் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதோட நோட்டெல்லாம் நனைஞ்சு போச்சுக்கா, அதான் அழுவுது" என்றான். நாங்கள் வரைந்த வளைக்குள் நோட்டே கிடையாது. அவன் வீட்டில் என்ன போனது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "உனக்கு என்னடா பயம்?" என்று நேராகக் கேட்டிருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பான். எலியைப் பற்றி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாரும் அவனைத் திட்டப் போவதில்லை, பக்கத்தில் இருப்பவன் சிரிக்கப் போவதும் இல்லை. தன் துக்கத்தை இன்னொருவர் மேல் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன தூரம்தான் படக்கதை தருகிற பெரிய உதவி. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது கிடைக்கிறது என்பதால்தான் எழுத்து குறைவாகவும் படம் நிறையவும் இருக்கிற புத்தகங்களை நான் இவ்வளவு பிடிவாதமாகத் தேடுகிறேன்.

நம்பிக்கை என்பதை நாம் வழக்கமாக "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்கிற ஆறுதலாகத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். சி.ஆர். ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதை வேறு மாதிரி பிரித்துக் காட்டினார். எனக்கு ஒன்று வேண்டும் என்ற இலக்கு, அதற்குப் போகப் பல வழிகளை யோசிக்கிற பழக்கம், அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற தெம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நம்பிக்கை என்றார். 1997-இல் அவரும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளின் நம்பிக்கையை அளக்க ஆறே கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். பிரச்சினை வந்தால் அதைத் தீர்க்கப் பல வழிகள் எனக்குத் தோன்றும் என்ற மாதிரியான வாக்கியங்கள்தான் அதில் இருக்கின்றன. எதிர்காலம் பிரகாசமாக இருக்கும் என்பதுபோல ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்தபோது எனக்குப் படப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. ஒரு நல்ல படக்கதையும் அப்படித்தானே நகர்கிறது? யாருக்கோ ஏதோ வேண்டியிருக்கிறது, முதல் வழி அடைபடுகிறது, பக்கத்தைத் திருப்புகிறோம், இன்னொரு வழி. அந்தத் திருப்பத்தில்தான் நான் நிறுத்துவேன். தாளைப் பாதி தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப இது என்னென்ன பண்ணலாம்?" என்று கேட்பேன். மாடி ஏறலாம், தெர்மாகோலில் மிதக்கலாம், கத்தலாம், பாட்டி ஊருக்குப் போய்விடலாம், பூனையோடு சிநேகம் பிடிக்கலாம். எல்லாமே சரி, எதையும் தட்டுவதில்லை. பத்துப் பதினைந்து வழிகள் வந்த பிறகும் வராத ஒன்று, யாரிடமாவது சொல்லலாம் என்பது. நானே எடுத்துக்கொடுத்து, "யார்கிட்டயாவது சொல்லலாமா?" என்று கேட்டபோது, அதுவரை ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு பெண், எட்டு வயது இருக்கும், "யார்கிட்ட சொல்றது, அக்கா?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது எலியைப் பற்றிய கேள்வி மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை, தோண்டவும் இல்லை. எலியின் அம்மாவிடம் சொல்லலாமே என்றேன். "அவங்க கேக்கவே மாட்டாங்க. வேலை முடிஞ்சு வந்து சமைப்பாங்க, அப்புறம் தண்ணி புடிப்பாங்க. நச்சரிக்காதன்னு சொல்லிருவாங்க."

நாம் குழந்தைகளிடம் எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கூடவே வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்கிறோம், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்கிறோம், இதுக்குப் போயா அழுவாங்க என்றும் சொல்கிறோம். ஒரு குழந்தை உதவி கேட்க வேண்டுமென்றால் இத்தனையையும் தாண்ட வேண்டும். அதன் பிறகு எப்போது கேட்பது, எந்த வார்த்தையில் தொடங்குவது, திட்டு விழுந்தால் என்ன செய்வது என்று வேறு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பல பேருக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடம். 1996-இல் மும்பையில் தொடங்கிய சேவை அது, இப்போது அரசே நடத்துகிறது, 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம். போனை எடுத்து அந்தப் பக்கம் "வணக்கம்" என்று குரல் வந்தால் முதல் வாக்கியம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் வரவில்லை. எண்ணைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு நாம் யாரும் அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த எட்டு வயதுப் பெண்ணின் பதிலுக்குப் பிறகு எலிக் கதையில் பக்கங்கள் கூடின. எலி அம்மாவிடம் போகிறது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி "அப்புறம் சொல்லு" என்கிறாள். அந்த அம்மாவைக் கெட்டவளாக வரைய வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள், நெற்றியில் வேர்வையும் காலடியில் மூன்று காலிக் குடங்களும் வரைந்தார்கள். அடுத்த பக்கத்தில் எலி பக்கத்து வளை அணில் ஆயாவிடம் போகிறது. ஆயாவுக்குக் காது கேட்கவில்லை. அதற்கடுத்து இஸ்திரி வண்டிக்கார முயல் அண்ணனிடம். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்னாச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்கிறார். அந்தப் பக்கத்தை வரைந்த நாளில் இஸ்திரிப் பெட்டிக்குள் கரி இருக்க வேண்டுமா, மின்சாரப் பெட்டி வரையலாமா என்று பெரிய சண்டை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது காது கேட்காத ஆயாவின் பக்கம்தான். முதலில் கேட்ட ஆளே உதவிவிடுகிற கதையைப் படித்த குழந்தை நிஜத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்து, பெரியவர் ஏதோ யோசனையில் தலையை மட்டும் ஆட்டிவிட்டால், அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது ஆளிடம் போகலாம், மூன்றாவது ஆளிடமும் போகலாம், முதல் ஆள் கேட்காமல் போனது உன் தப்பு இல்லை என்று காட்டுகிற பக்கம் வேண்டும். ஸ்னைடர் சொன்ன பல வழிகள் என்பதும் இதுதானே. எலி ஒவ்வொரு வாசலிலும் சொல்கிற வாக்கியத்தை எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வோம்: "எனக்கு ஒண்ணு சொல்லணும். இப்பவே கேக்கணும்." சின்னவர்களுக்கு அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது. வாயில் பழகிய வாக்கியம் தேவைப்படும்போது வந்து நிற்கும் என்று நம்புகிறேன்.

வாசிக்கிற முறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி வந்ததும் குழந்தை கதையை மறந்துவிட்டு நமக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடும். 1988-இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெற்றோர் தாங்களே படித்துக்கொண்டு போகாமல் திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தையின் பதிலைக் கொஞ்சம் நீட்டித்துத் திருப்பிச் சொல்லி, குழந்தையையே கதை சொல்ல வைத்தால் அதன் பேச்சு நன்றாக வளர்கிறது என்று காட்டியது. அவர்கள் பார்த்தது சின்னக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியை. ஆனால் மனசில் இருப்பதை வெளியே கொண்டுவரவும் அதே வழிதான் எனக்கு உதவுகிறது. படத்தின் மூலையில் யார் நிற்கிறார்கள், இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்ப அதுக்கு வயித்துல எப்படி இருக்கும் என்று கேட்கலாம். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு நமக்குத்தான் கஷ்டம். ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், ஏதோ ஒரு பக்கத்தில் அதற்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

குழந்தை நிஜமாகவே சொல்லிவிட்டால்? படக்கதை வாசிக்கிற ஒவ்வொருவரும் இதற்குத் தயாராக இருந்தாக வேண்டும். கேளுங்கள் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, கேட்கும்போது நாம் தடுமாறினால் அது பெரிய துரோகம். அதனால் சில விஷயங்களை எனக்கு நானே விதியாக வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வதில்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்கிறேன். குறுக்கு விசாரணை கிடையாது. "நீ சொன்னது ரொம்ப நல்லது, இது உன் தப்பு இல்ல" என்பது முதல் பதில். அடிபடுகிறது, பட்டினி கிடக்கிறது, வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றால் 1098. பள்ளிக்கூட விஷயம் என்றால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417. மனசு பாரமாகி உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசுகிற பிள்ளை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் 14416-ஐ அழைக்க வேண்டும், 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் மனநல எண் அது, பெரியவர்களும் பேசலாம். பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்துகொண்டவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மானம் போய்விடும் என்று மூடி மறைப்பது சட்டப்படியும் குற்றம். புத்தகம் சிகிச்சை ஆகாது. நூல்வழி சிகிச்சை என்ற கருத்துக்கு 1916-லேயே சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் பெயர் வைத்துவிட்டார், பயிற்சி பெற்றவர்கள் அதைச் செய்கிறார்கள். மொட்டை மாடியில் உட்கார்ந்து கதை படிக்கிற நாம் செய்வது அதற்கு முந்தைய வேலை. ஆனாலும் முக்கியமான வேலை. இதே சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்கள் சொல்வதைத் தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்பதையே அடிப்படையாக வைத்து இத்தனை வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருப்பது உயிர் காக்கிற விஷயம்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. 1996-லிருந்து சென்னையிலேயே இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் பழைய சிறுவர் வரிசையைப் புத்தகக் காட்சியில் இன்றும் மலிவாக வாங்கலாம். பாரதி புத்தகாலயத்திலும் சிறுவர் நூல்கள் தனியாக வருகின்றன. எங்கள் பிள்ளைகள் நடந்தே போகிற தூரத்தில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அதன் குழந்தைகள் பிரிவில் செயற்கையாகச் செய்த பெரிய மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம். முதல் தடவை போனபோது ஏழைப் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்று ஒருவன் என்னிடம் கேட்டான், இப்போது அவன்தான் புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறான்.

காசே இல்லாத இடத்தில் எனக்கு அதிகம் கைகொடுப்பது பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழ்க் கதைகள் இலவசம், போனிலேயே படிக்கலாம், இறக்கி அச்சிடலாம். அதைவிடப் பெரிய வசதி, அவை திறந்த உரிமத்தில் இருக்கின்றன என்பது. மூலத்தை எழுதி வரைந்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு நாம் கதையை மாற்றலாம், பக்கம் சேர்க்கலாம். உதவி கேட்கிற பக்கம் இல்லாத நல்ல கதை கிடைத்தால், அதை நாங்களே வரைந்து நடுவில் ஒட்டிவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து மொழிபெயர்த்து வருகிற கதைகளுக்கு இது ரொம்பத் தேவைப்படுகிறது. அவற்றில் குழந்தைக்குத் தனி அறை இருக்கும், தனிக் கட்டில் இருக்கும், அம்மா ராத்திரி வந்து கட்டிலில் உட்கார்ந்து "உனக்கு என்ன கவலை?" என்று கேட்பாள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுக் குழந்தை அந்தப் படத்தைப் பார்த்து, "இவங்க ஆயா எங்க படுப்பாங்க?" என்று கேட்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு உதவி வருகிற வாசல்கள் வேறு. மாடி வீட்டு அத்தை, சத்துணவு ஆயா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாமா, டியூஷன் அக்கா. இவர்கள் முகத்தைப் படத்தில் பார்த்தால்தான், ஓ, இவங்ககிட்ட சொல்லலாம் போல என்று தோன்றும்.

இப்போது கதையின் கடைசிப் பகுதியில் நிற்கிறோம். முயல் அண்ணன் கேட்டுக்கொண்டார், சரி, அடுத்து எலியை யாரிடம் கூட்டிக்கொண்டு போவார்? போலீஸ் என்றான் ஒருவன். உடனே இன்னொருவன், போலீஸ் அடிப்பாங்க, எங்க சித்தப்பாவை அடிச்சாங்க என்றான். பள்ளிக்கு வந்து பேசிய லேடி போலீஸ் அக்கா நல்லவங்க என்று பெண்கள் பக்கத்தில் நாலு பேர். டீச்சர் போதும் என்று ஒரு கட்சி, டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணிருவாங்க என்று இன்னொரு கட்சி. தண்ணி வந்துருமா என்று கேட்பவன், முதலில் எலியின் அம்மாவிடமே திரும்பப் போக வேண்டும், இப்ப முயல் அண்ணன் கூட இருக்காரு இல்ல, அம்மா கேப்பாங்க என்கிறான். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. மூன்று கதையாகவே போடலாம் என்று முடிவாகியிருக்கிறது, அட்டைக்கு மட்டும் தடிமனான தாள் வேண்டும். வீட்டில் போன வருடக் காலண்டர் சும்மா கிடந்தால் தூக்கிப் போடாமல் எங்களுக்குக் கொடுங்கள்.